நெறிக்குப் பரவிய தோல் புற்றுநோய்: ஸ்டேஜ் கணக்கைப் புரிந்துகொள்வோம்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் புற்றுநோய் என்று எழுதியிருந்தால், அடுத்த வரியில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். ‘மூணாவது ஸ்டேஜ்’, ‘நாலாவது ஸ்டேஜ்’. எந்த வகைப் புற்றுநோய், எங்கே ஆரம்பித்தது, பயாப்ஸியில் என்ன வந்தது என்றெல்லாம் கேட்டால் குடும்பத்தாருக்குச் சொல்லத் தெரிவதில்லை. எண் மட்டும் மனதில் பதிந்துவிடுகிறது. அதைக் கேட்ட அன்றே, ‘இனி அலைந்து என்ன ஆகப் போகிறது’ என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பத்தியம், லேகியம் என்று மூன்று நான்கு மாதங்களைக் கழித்துவிட்டு, வலி தாங்காமல் மறுபடி மருத்துவமனைக்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த எண் இவர்கள் நினைக்கும் பொருளில் சொல்லப்பட்டதே அல்ல.

எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே கட்டுரையில் விளக்கம் சொல்ல முடியாது. எனவே தோலில் தோன்றி நிணநீர்க் கணுவுக்குப் பரவும் புற்றுநோயை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். எண்ணைப் பார்த்துத் தவறாக முடிவெடுக்க அதிக வாய்ப்புள்ள நோய் இது.

நிணநீர்க் கணு என்றால் புதிதாக எதுவும் இல்லை. காலில் சீழ்ப்புண் வந்தால் தொடை இடுக்கில் கட்டிபோல் வீங்கி வலிக்குமே, ‘நெறி கட்டியிருக்கு’ என்போமே, அதுதான். உடல் முழுவதும் இரத்தக் குழாய்கள் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றின் வழியில் ஆங்காங்கே அவரை விதை அளவில் வடிகட்டிகள் இருக்கின்றன. பாதத்திலிருந்து வரும் நீர் பெரும்பாலும் தொடை இடுக்குக் கணுக்களுக்குப் போகும். கையிலிருந்து வருவது அக்குளுக்கும், முகத்திலிருந்து வருவது கழுத்துக்கும் போகும். கிருமியானாலும் புற்றுச் செல்லானாலும் முதலில் மாட்டிக்கொள்வது இந்த வடிகட்டியில்தான். ஆகவே நெறி கட்டினாலே புற்றுநோய் என்று பயப்படவும் கூடாது; புற்றுநோய் உள்ளவருக்கு நெறி கட்டினால் ‘அது சூட்டுக்கட்டி’ என்று விட்டுவிடவும் கூடாது. விரலால் தடவிப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஊசியால் துளி எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம் நிறத்துக்கு வராது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பாதி உண்மை. வெயிலால் வரும் மெலனோமா நம் நாட்டில் அரிது. ஆனால் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் மெலனோமா நிறம் பார்ப்பதில்லை. நம்மவர்களிடம் காணப்படும் மெலனோமாவில் பெரும்பங்கு பாதத்தில் வருவதுதான். அதைக் கால் ஆணி என்று நினைத்துப் பிளாஸ்திரி போடுகிறார்கள், நகச்சுத்து என்று எலுமிச்சம்பழம் செருகுகிறார்கள். வலி இருக்காது என்பதால் நாள்கள் ஓடிவிடுகின்றன. ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும்போது கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம். உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதுதான் இல்லை. பரவிக்கொண்டே போகும் கரும்புள்ளி, நகத்தில் நீளவாக்கில் விழும் அகலமான கருங்கோடு, ஆறாத புண் ஆகிய மூன்றையும் பார்த்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் பிள்ளைகள் சட்டையில் படமாகப் போட்டுக்கொண்டு திரியும் ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இந்த நோய்தான். 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது. பந்து விளையாடியதில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். விரலை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் மூளை வரை பரவி, 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார்.

இன்னொரு வகை, செதிள் செல் புற்றுநோய். இது நம் நாட்டில் பெரும்பாலும் பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் தோன்றுகிறது. காஷ்மீரில் குளிருக்காக மண்சட்டியில் கரி நெருப்பிட்டு, பிரம்புக் கூடையில் வைத்து, நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். காங்கிரி என்று பெயர். அந்தச் சூடு பல்லாண்டுகள் பட்ட தொடையிலும் அடிவயிற்றிலும் புற்றுநோய் வருவதை, ஸ்ரீநகரில் பணியாற்றிய எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-லேயே எழுதி வைத்தார். நமக்குக் காங்கிரி இல்லை. ஆனால் ஸ்டவ் வெடித்துச் சுட்ட பழைய தழும்பு இருக்கிறது, ‘சர்க்கரைப் புண், அப்படித்தான் இருக்கும்’ என்று கட்டுப்போட்டு வரும் பாதப்புண் இருக்கிறது. தழும்பில் புதிதாகப் புண் வந்தாலோ, பழைய புண்ணின் ஓரம் தடித்துப் பூக்கோசுபோல் வளர்ந்தாலோ, ஓரத்தில் சிறு சதை எடுத்து பயாப்ஸி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம்.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் டெனுவா 1940-களில் ஒரு முறையை வகுத்தார். புற்றுநோயை மூன்று கேள்விகளால் அளப்பது. முதல் கட்டி எவ்வளவு? நிணநீர்க் கணுவில் இருக்கிறதா? தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போய்விட்டதா? இந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டி.என்.எம். முறை என்கிறார்கள். அறிக்கையில் ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த மூன்றையும் கூட்டி ஒரு தொகுப்பாகச் சொல்வதுதான் ஸ்டேஜ். ரயில் டிக்கெட்டில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் இருக்க, ‘ஸ்லீப்பர்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? ஸ்டேஜ் எண் மட்டும் தெரிந்திருப்பதும் அப்படித்தான்.

மெலனோமாவில் முதல் கட்டியின் அளவு என்பது அகலமல்ல, ஆழம். 1970-ல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் பிரெஸ்லோ, தோலின் மேற்பரப்பிலிருந்து கட்டி எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் மில்லிமீட்டரில் அளந்தால் நோயின் போக்கைச் சொல்லலாம் என்று காட்டினார். இன்றுவரை அதுதான் அளவு. 1, 2, 4 மில்லிமீட்டர் என்பவை எல்லைக் கோடுகள். 1 மில்லிமீட்டருக்குள்ளேயே 0.8 என்று இன்னொரு கோடும் உண்டு. ஏறக்குறைய நம் சட்டைப் பையிலுள்ள ஏடிஎம் அட்டையின் கனம். அந்த அளவைத் தாண்டினாலே கணுவைச் சோதிப்பது பற்றி மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். மேல்தோல் புண்ணாகி உடைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உடைந்திருந்தால் ஒரு படி கூடும்.

கணுவுக்குப் போகாதவரை மெலனோமா 1 அல்லது 2-வது ஸ்டேஜ். கணுவில் ஒரு துளி இருந்தாலும், முதல் கட்டிக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தோலில் சிறு கட்டிகள் முளைத்திருந்தாலும் 3. நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை, தொலைவிலுள்ள தோல் அல்லது கணு என்று போய்விட்டால் 4. ஆக, ‘மூணாவது ஸ்டேஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறுபட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். வெளியே தொட்டால் எதுவுமே தெரியாமல், ஒரு கணுவுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் சில செல்கள் தெரிந்தவரும் 3. தொடை இடுக்கில் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்போல் ஆகிவிட்டவரும் 3. இவர்களைப் பிரிக்கத்தான் 3ஏ, 3பி, 3சி, 3டி என்று எழுத்துகள் வைத்தார்கள். (ஸ்டேஜுக்குப் பின்னால் வரும் ‘டி’ நான்காவது ஆங்கில எழுத்து. கட்டியைக் குறிக்கும் ‘டி’ வேறு எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, என்ன செய்வது! அறிக்கையில் ஸ்டேஜை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். மூன்று கோடு நின்றால் 3.)

எத்தனை கணு என்பதும் முக்கியம். ஒன்று, இரண்டு மூன்று, நான்கு அல்லது அதற்கு மேல் என மூன்று படிகள். அது பரிசோதனையில் மட்டும் தெரிந்ததா, கையாலோ ஸ்கேனிலோ முன்பே தெரிந்ததா என்பதற்கும் தனி எழுத்து உண்டு. கட்டி மெல்லியதாக இருந்து, மூன்று கணுக்கள் வரை நுண்ணோக்கியில் மட்டும் தெரிந்தால் 3ஏ. கட்டி 4 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகி, மேலே உடைந்து, நான்கோ அதற்கு மேலோ கணுக்களில் இருந்தால் 3டி.

இப்போது நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு 2018 ஜனவரியிலிருந்து பயன்படுகிறது. பல நாடுகளின் 10 பெரிய மருத்துவ மையங்களில் 46,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து அதை வகுத்தார்கள். அதன்படி 3ஏ நோயாளிகள் 100 பேரில் 93 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மெலனோமாவுக்குப் பலியாகவில்லை. 3பி-யில் 83 பேர், 3சி-யில் 69 பேர், 3டி-யில் 32 பேர். கணுவுக்கே போகாத 2சி-யில் இந்த எண்ணிக்கை 82. அதாவது இரண்டாவது ஸ்டேஜின் கடைசிப் பிரிவைவிட மூன்றாவது ஸ்டேஜின் முதல் பிரிவு நல்ல நிலை. எண் கூடினால் ஆயுள் குறையும் என்ற எளிய கணக்கு இங்கே எடுபடாது. ஆழமாக இறங்கி உடைந்த கட்டி, கணுவில் இன்னும் அகப்படாவிட்டாலும், மெல்லிய கட்டியைவிட ஆபத்தானது.

இந்த எண்களை அப்படியே நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் வெளிநாட்டு வெள்ளைத்தோல் நோயாளிகளின் கணக்கு. உள்ளங்கால் வகையில் முடிவுகள் பொதுவாக இதைவிடக் குறைவாக இருக்கின்றன; தாமதமாக வருவது அதற்கு ஒரு காரணம். மறுபக்கம், உடலின் எதிர்ப்பாற்றலை எழுப்பி நோயைத் தாக்க வைக்கும் புதிய ஊசி மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன. அதற்கு அடிப்படை போட்ட ஆலிசன், ஹோன்ஜோ என்ற இருவருக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்துகள் விலை மிக அதிகம். யாருக்கு அவசியம், யாருக்குத் தேவையில்லை என்று முடிவு செய்வதற்கும் மருத்துவர் பார்ப்பது மேற்சொன்ன எழுத்துகளைத்தான். கடன் வாங்கும் முன் குடும்பத்தார் அந்த எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணுவைச் சோதிப்பது எப்படி? 1992-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டனும் குழுவினரும் ஒரு வழியை வெளியிட்டார்கள். கட்டி இருந்த இடத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தினால், நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறதோ அது நீலமாகும். வாசலில் நிற்கும் காவலாளியைப்போல அந்த முதல் கணு. அதை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அது சுத்தமாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் சுத்தம். இன்று சாயத்தோடு மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தும் சேர்த்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த முதல் கணுவில் நோய் தெரிந்தால் அந்தப் பகுதிக் கணுக்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில் ஒரு பிரிவினருக்கு உடனே எல்லாவற்றையும் எடுத்தார்கள், மறு பிரிவினரை அல்ட்ராசவுண்டில் கண்காணித்து வந்தார்கள். உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. ஆனால் கைகால் நிரந்தரமாக வீங்குவது, எடுத்தவர்களில் 100-க்கு 24 பேருக்கும் கண்காணிக்கப்பட்டவர்களில் 6 பேருக்கும் நேர்ந்தது. எனவே ‘கணுவில் இருக்கிறது என்கிறார், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்’ என்று மருத்துவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கையில் தட்டுப்படும் அளவு கணு வீங்கியிருந்தால் கதை வேறு. அப்போது எடுப்பதுதான் வழக்கம்.

செதிள் செல் வகைக்கு அட்டவணையே வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு நோயாளிகளை ஒப்பிடுவதால் வீண் குழப்பம் வருகிறது. கை, கால், உடம்பில் வரும் செதிள் செல் புற்றுநோய்க்குப் பன்னாட்டுப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் வகுத்த முறையில், ஆழத்தோடு அகலத்தையும் பார்க்கிறார்கள். 2 மற்றும் 4 சென்டிமீட்டர் எல்லைகள். ஒரே கணுவில், 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 3-வது ஸ்டேஜ். அதைவிடப் பெரிதானாலோ பல கணுக்களில் இருந்தாலோ 4-வது ஸ்டேஜின் முதல் பிரிவு. வேறு உறுப்புக்குப் போயிருந்தால்தான் 4-ன் இரண்டாம் பிரிவு. ஒருவருக்குப் பாதப்புண்ணிலிருந்து தொடை இடுக்கில் இரண்டு நெறி கட்டியிருந்தாலே ‘நாலாவது ஸ்டேஜ்’ என்று எழுதிவிடுவார்கள். மெலனோமாவாக இருந்தால் அதே நிலைக்கு 3 என்றுதான் பெயர். அந்த 4-ஐக் கேட்டு, நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டதாக நினைத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால், அறுவையும் கதிர்வீச்சும் செய்து குணமாகும் வாய்ப்புள்ள ஒருவரை நாமே கைவிட்டதாக ஆகும். ‘நாலு’ என்று கேட்டதும் அழுவதற்கு முன், ‘வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா, நெறியில் மட்டும்தானா?’ என்று கேட்க வேண்டும்.

அடித்தளச் செல் புற்றுநோய் என்று மூன்றாவது வகையும் உண்டு. வயதானவர்களின் மூக்கு, கன்னத்தில் வரும். கணுவுக்குப் போவது மிக மிக அரிது. அகற்றிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சு நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. பயாப்ஸி நோயைப் பரப்புவதில்லை. பயாப்ஸி இல்லாமல் ஸ்டேஜும் இல்லை, சரியான வைத்தியமும் இல்லை. பயாப்ஸிக்குப் பயந்து கடத்திய மாதங்களில் பரவுவதைத்தான் கத்தியின் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

தொடை இடுக்கில் கட்டி என்றால் நம் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. மகளிடம்கூட மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவுக்கு, மறைக்க வேண்டிய இடத்தைக் காட்டுவதை மார்க்கம் நிர்ப்பந்த நிலையாகக் கருதி அனுமதிக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். வீட்டு ஆண்கள் இதைத் தாங்களாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மாவோ மனைவியோ கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கள்ளிக்குப்பத்திலிருந்து எங்கே போவது என்று கேட்கிறார்கள். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அனைவரும் அறிவோம்; தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட, வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் கொண்டுபோய் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நமது அறக்கட்டளைக்குப் புற்றுநோய் சிகிச்சை உதவிக்கான மனு தருபவர்கள் ஸ்டேஜ் எண்ணை மட்டும் எழுதாமல், பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைக்கவும். வேறு மருத்துவமனைக்கு மாறுபவர்கள் பயாப்ஸி செய்த இடத்திலிருந்து கண்ணாடி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளவும். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். புது மருத்துவர் அதை வைத்தே ஆழத்தை மறுபடி அளந்துகொள்வார், இரண்டாம் முறை சதை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் எழுதித் தருகிறோம், தேவைப்பட்டால் கூடவே ஓர் ஆளையும் அனுப்புகிறோம்.